கிராஸ் என்றால் கெட்ட வார்த்தையா, ஐயா?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். அப்பா பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக்கு மாறி, மொத்தம் 30 வருசம் ஒரே தோட்டத்தில் உழைத்தார். இரண்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். எடுத்த மறுநாள் மேல் அலுவலகத்திலிருந்து ஒருவர் துக்கம் கேட்க வந்தார். நல்ல உடுப்பு, நல்ல ஆங்கிலம். அம்மா மூலையில் சுருண்டு படுத்திருந்தார். அவர் சிரித்த முகத்தோடு என்னிடம், "சொக்சோ, இ.பி.எஃப். எல்லாம் சேர்த்து எவ்வளவு தேறும்? வீட்டை எப்போது காலி பண்றீங்க?" என்று கேட்டார். தொழிலாளர் காப்புறுதிப் பணத்தையும் சேமநிதிப் பணத்தையும்தான் சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிரவு தோழிக்கு வாட்ஸ்அப்பில் "ஹீ வாஸ் வெரி கிராஸ் (crass) டு மீ" என்று எழுதினேன். அதைப் பார்த்த அலுவலக நண்பர், "அது அசிங்கமான சொல். அவர் உன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று ஆகிவிடும்" என்கிறார். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் தங்கையோ, "வாக்கியமே தப்பு, ரூட் என்று போடு" என்கிறாள். ஆனால் அவளே தன் கட்டுரையில் எங்கள் சித்தப்பாவைப் பற்றி, "மை அங்கிள் இஸ் எ கிராஸ் மேன். ஹீ ஷௌட்ஸ் அண்ட் யூசஸ் பேட் வேர்ட்ஸ்" என்று எழுதியிருக்கிறாள். சித்தப்பா வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், உண்மை. ஆனால் அப்பா காரியம் முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டு செய்தவர் அவர். யார் சொல்வது சரி? மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுத நினைக்கிறேன். அதில் இந்தச் சொல்லைப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இலக்கணச் சந்தேகமாகத் தொடங்கினாலும், உங்கள் மனத்தில் தைத்த முள் வேறு. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்த சொல் சரியான சொல். அன்று நடந்ததற்கு ஆங்கிலத்தில் அதைவிடப் பொருத்தமான அடைமொழி எனக்குத் தெரியவில்லை. பிழை சொல்லில் இல்லை, அதை வாக்கியத்தில் உட்கார வைத்த விதத்தில்தான். அந்த அளவுக்கு உங்கள் தங்கை சொன்னது சரி. அலுவலக நண்பர் சொன்னது தவறு. அது கெட்ட வார்த்தையும் இல்லை, ஆபாசத்தைக் குறிக்கும் சொல்லும் இல்லை. இங்கிதம் இல்லாத என்பதுதான் அதன் பொருள்.

எழுத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. சி, ஆர், ஏ, எஸ், எஸ். தமிழில் எழுதும்போது "கிராஸ்" என்று எழுதினாலும், வாயில் வரவேண்டியது நெடில் "ஆ" இல்லை. கிரிக்கெட் மட்டையை "பேட்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் ஓர் ஒலி வருமே, அதுதான். நம் ஊரில் பலர் இதை "கிரோஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலுவைக்கும் சாலையைக் கடப்பதற்கும் உள்ள அந்தச் சொல்லுக்குக் கோபமாக இருப்பது என்ற பொருளும் உண்டு. "ஹீ வாஸ் கிரோஸ் வித் மீ" என்றால் அவர் என் மேல் கோபமாக இருந்தார் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே கேட்டவரைப் பற்றிச் சொல்லும்போது கேட்பவர் அவர் கோபப்பட்டதாகப் புரிந்துகொண்டால், நடந்தது முழுவதுமே தலைகீழாகிவிடும். "குரோஸ்" என்ற இன்னொரு சொல் இருக்கிறது. அருவருப்பானது என்ற பொருளில் பிள்ளைகள் இப்போது அதை அடிக்கடி சொல்கிறார்கள். உங்கள் நண்பர் அதையோ, ஆபாசப் பகடிக்குச் சொல்லும் "குரூட்" என்ற சொல்லையோ மனத்தில் வைத்துப் பேசியிருக்கலாம்.

சரி, கிராஸ் என்றால் என்ன? லத்தீனில் "கிராசுஸ்" என்றால் தடித்தது, கொழுத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் தடிமன் என்ற பொருள்தான் இருந்தது. பிறகுதான் அது மனத்துக்கு மாறியது. உங்கள் ஊர் ஆலையில் இயந்திரத்துக்குப் போடும் கிரீஸ் இருக்கிறதே, அந்தச் சொல்லும் இதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். சீனர் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் சின்னச் சட்டியில் தடித்த பச்சை இலைச் செடி ஒன்றை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியினத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் கிராசுலா. இலையின் தடிப்பை வைத்துத்தான் அந்தப் பெயர்.

தமிழிலும் நாம் "வார்த்தை தடித்துவிட்டது" என்கிறோம். ஆனால் கவனியுங்கள், நம் வழக்கில் வார்த்தை தடிப்பது சண்டையில். இரண்டு பேரும் சூடாகிக் குரல் உயர்ந்தால் வார்த்தை தடிக்கும். ஆங்கிலக் கிராஸில் தடித்திருப்பது வார்த்தை இல்லை, அதைப் பேசுகிறவரின் உணர்வு. பால் வெட்டியவர்களின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். உளி பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்ச்சிய இடத்தில் சுடு தேத்தண்ணிக் குவளையை வைத்தாலும் சூடு உறைக்காது. அப்படி எதிரில் இருப்பவரின் வலி உறைக்காமல் போன மனத்திலிருந்து வரும் பேச்சும் செயலும்தான் கிராஸ். கையில் காய்ப்பு வந்தது உழைப்பால். இந்தக் காய்ப்புக்கு அப்படி ஒரு நியாயம் கிடையாது.

தமிழில் இதற்கு ஒரே சொல் கேட்டால் "இங்கிதம் இல்லாத" என்பேன். இங்கிதம் என்பதன் பழைய பொருளே குறிப்பு, முகக்குறி. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, இப்போது எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்று அறிவது. உங்கள் அம்மா மூலையில் சுருண்டு கிடந்தது ஒரு குறிப்பு. அதைப் படிக்கத் தெரியாதவருக்கு எவ்வளவு நல்ல ஆங்கிலம் இருந்தாலும், அந்த இடத்தில் அவர் எழுத்தறியாதவர்தான்.

அவர் கேட்ட விஷயத்தில் குற்றம் இல்லை என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். சொக்சோ பணத்தைப் பற்றி யாராவது கேட்டுத்தான் ஆகவேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் "அண்ணனோட பத்திரமெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்களா? என்னென்ன வரவேண்டியிருக்குன்னு பார்த்திடுவோமா?" என்று கேட்டால், அது உதவி. கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். நாள் வேறு, கேட்ட விதம் வேறு, யாருக்காகக் கேட்டார் என்பது வேறு. கிராஸ் என்ற சொல் அளப்பது இந்த வேறுபாட்டைத்தான். அகராதியில் சொல்லுக்குப் பொருள் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பிடிபடுவதில்லை.

இப்போது வாக்கியம். "ரூட்" என்ற சொல்லுக்குப் பின்னால் "டு மீ" போடலாம். "ஹீ வாஸ் ரூட் டு மீ" பிழையில்லாத ஆங்கிலம். ஏனென்றால் ரூட் ஒருவரை நோக்கி வீசப்படுவது. கிராஸ் அப்படி யாரையும் நோக்கிப் போவதில்லை. அந்த மனிதர் உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கூட இருக்க மாட்டார், நீங்கள் புண்படுவீர்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. ஆகவே "கிராஸ் டு மீ" என்பது ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. இப்படி எழுதுங்கள்: "இட் வாஸ் கிராஸ் ஆஃப் ஹிம் டு ஆஸ்க் அபௌட் தி மனி." பணத்தைப் பற்றிக் கேட்டது அவருடைய இங்கிதமின்மை. "இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்" என்று நன்றி சொல்ல எல்லாருக்கும் தெரியும், அதே அச்சுத்தான். கைண்ட் இருந்த இடத்தில் கிராஸ். அல்லது இன்னும் சுருக்கமாக, "ஹிஸ் கொஸ்டின் வாஸ் கிராஸ்."

கேள்வி, பேச்சு, பகடி, விளம்பரம், ஆடம்பரம், இவற்றின் முன்னால் இந்த அடைமொழி இயல்பாக வந்து உட்காரும். "எ கிராஸ் ரிமார்க்" என்றால் இங்கிதமில்லாத பேச்சு. "கிராஸ் கமர்ஷியலிசம்" என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே சொல்லைப்போல் ஒட்டிப்போன தொடர், பணம் ஒன்றையே பார்க்கும் வணிகப் புத்தி என்று பொருள். அதற்கு ஓர் உதாரணம் நினைத்துப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிறது. லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கடைசிக் குடும்பம் அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. எதிரில் பெரிய பலகை: "உங்கள் கனவு இல்லம் இங்கே!" அந்தப் பலகையில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனாலும் அது கிராஸ், அதுவும் முழுத் தடிமனில். "கிராஸ் இக்னொரன்ஸ்" என்பதும் பழைய தொடர், எதுவும் உள்ளே போகாத தடித்த அறியாமை. வினையடையாக்க வேண்டுமானால் "கிராஸ்லி", பெயராக்க வேண்டுமானால் "கிராஸ்னெஸ்". அவ்வளவுதான்.

மலாயில் நாம் தினமும் சொல்லும் "காசார்" இங்கே கொஞ்சம் வழி தவறச் செய்கிறது. சொரசொரப்பான துணியும் காசார், மரியாதையில்லாத பேச்சும் காசார். அதனால் பிள்ளைகள் காசார் என்று மனத்தில் நினைத்துக்கொண்டு ரூட், குரூட், கோர்ஸ், கிராஸ் எல்லாவற்றையும் ஒரே சொல்லாக எண்ணி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உங்கள் தங்கையின் கட்டுரையில் நடந்தது இதுதான்.

சித்தப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். சத்தம் போடுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார். ஆங்கிலத்தில் அவரை "ஃபௌல் மவுத்ட்" என்று சொல்லலாம், "லவுட்" என்று சொல்லலாம், சில நேரம் "ரூட்" என்றும் சொல்லலாம். கிராஸ் என்று சொல்ல முடியாது. அண்ணன் செத்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று கேட்காமலே தெரிந்தவர், கூடாரம், நாற்காலி, மயானம் எல்லாவற்றையும் அம்மா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவர், எப்படி உணர்வு தடித்தவர் ஆவார்? அந்த வாரம் உங்கள் வீட்டுக்குள் வந்த இரண்டு பேரில் கிராஸாக நடந்தவர் ஒரு கெட்ட வார்த்தையும் பேசாதவர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆளைத் தாழ்த்தும் சொற்கள் பல உழைக்கிறவர்களின் பெயரிலிருந்து வந்தவை. தமிழ்ப் படத்தில் "வில்லன்" என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் "வில்லா" என்றால் நாட்டுப்புறப் பண்ணை, எஸ்டேட். அதில் வேலை செய்தவன் "வில்லானுஸ்". அதாவது வில்லன் என்றால் முதலில் தோட்டத் தொழிலாளி! பண்ணையில் வேலை செய்கிறவன் கீழானவன், கீழானவன் கெட்டவன் என்று மேலே இருந்தவர்கள் வாயில் அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து இன்று கொடியவன் ஆகிவிட்டது. நாகரிகம் தெரியாதவனைச் சொல்லும் "பூர்" (boor) என்ற சொல் விவசாயியைக் குறித்தது. "வல்கர்" என்பது பொதுமக்கள் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் வீட்டுச் சத்தத்தையும் முரட்டுப் பேச்சையும் பார்த்து ஆங்கில அகராதியிலிருந்து ஓர் இழிசொல்லை எடுத்து ஒட்டுவதற்கு முன், அந்தச் சொல்லை யார் யாருக்காகச் செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிராஸ் அந்தக் கூட்டத்தில் சேராது. அது எந்தத் தொழிலாளியின் பெயரும் இல்லை. ரோமாபுரியில் கிராசுஸ் என்ற குடும்பப் பெயரோடு ஒரு பெரும் பணக்காரர் இருந்தார், மார்குஸ் லிசினியுஸ் கிராசுஸ், கி.மு. 53இல் போரில் இறந்தவர். பற்றி எரிகிற வீட்டையும் பக்கத்து வீட்டையும், உரிமையாளர் பதறி நிற்கும் அந்த நேரத்திலேயே அடிமாட்டு விலைக்கு வாங்குவார் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். சொல் அவரிடமிருந்து பிறக்கவில்லை, அவர் குடும்பப் பெயரும் தடித்தவர் என்ற அதே லத்தீன் சொல்தான். ஆனால் எரிகிற வீட்டின் முன் நின்று விலை பேசுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆசிரியர் வேலைக்குப் போன புதிதில், தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் படித்த ஒரு பள்ளியில் இருந்தேன். வருடக் கடைசி, மழைக்காலம். கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் பெயர் மூன்றாம் வாரமாக வந்தது. "ஏம்ப்பா, உங்க அப்பா வேலைக்குப் போறாரா இல்லையா?" என்று கேட்டேன். கோபமில்லை, பட்டியலை முடிக்கிற அவசரம். அவன் எழுந்து நின்று மேசை விளிம்பில் இருந்த ஒரு மைக்கறையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். கறை போகவில்லை, அவன் நிறுத்தவும் இல்லை. மழை பெய்தால் மரம் நனையும், மரம் நனைந்தால் வெட்டில்லை, வெட்டில்லை என்றால் கூலியில்லை. இது அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. "இட் வாஸ் கிராஸ் ஆஃப் மீ டு ஆஸ்க் ஹிம் இன் ஃப்ரண்ட் ஆஃப் தி கிளாஸ்." அந்த வாக்கியத்தைப் பிறகு பல வருசம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, "மீ" என்ற இடத்தில் ஏன் என்னைப் போட்டிருக்கிறேன் என்று சொல்லியே இந்தச் சொல்லை நடத்தினேன்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று சொல்ல முடியும். இந்தச் சொல்லைச் செயலின் மேல் போடுவது நல்லது, ஆளின் மேல் போடுவது கவனமாகச் செய்யவேண்டியது. "ஹிஸ் கொஸ்டின் வாஸ் கிராஸ்" என்றால் அன்று கேட்ட கேள்வியைச் சொல்கிறீர்கள். "ஹீ இஸ் எ கிராஸ் மேன்" என்றால் அவருடைய முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதுகிறீர்கள். தோழிக்கு எழுதும் செய்தியில் எதையும் எழுதலாம், அது உங்கள் மனப்பாரம்.

மேலிடத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் கிராஸ் வேண்டாம். சொல் தவறு என்பதால் இல்லை, அது ஒரு தீர்ப்பு என்பதால். நீங்கள் அந்தச் சொல்லைப் போட்ட உடனே பேச்சு அவர் செய்ததை விட்டுவிட்டு, நீங்கள் பயன்படுத்திய சொல்லுக்குத் தாவிவிடும். உங்கள் அலுவலக நண்பர் ஒருவரே அதைத் தவறாகப் புரிந்துகொண்டார், மேலே இருக்கிறவர்களும் அப்படிப் புரிந்துகொண்டால் நீங்கள் சொல்லாத குற்றச்சாட்டு ஒன்று உங்கள் பெயரில் எழுந்துவிடும். என்ன தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், அப்பாவை எடுத்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, அவர் கேட்ட இரண்டு கேள்வியும் அவர் வாயில் வந்தபடியே. இவ்வளவு எழுதுங்கள். படிக்கிறவருக்குத் தானே உறைக்கும். அடைமொழி ஒன்று அவசியம் வேண்டுமென்றால் "இன்சென்சிடிவ்" என்று போடுங்கள், அலுவலகக் கடிதத்துக்கு அது பொருந்தும், யாரும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள். மன்னிப்பா, வீட்டைக் காலி செய்ய அவகாசமா, இரண்டுமா? வீட்டு விஷயத்தில் எழுத்தில் ஒரு தேதி வாங்கிக்கொள்வது அம்மாவுக்கு நிம்மதி.

தங்கைக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில், 2021 முதல் நடப்பில் இருக்கும் அமைப்புப்படி, உள்ளடக்கம், மொழி, ஒழுங்கு இவற்றோடு, எழுத்து படிப்பவரைச் சரியாகச் சென்று சேர்கிறதா என்பதற்கும் தனியாகப் புள்ளி உண்டு. கடைசிக் கேள்விக்கு 200 முதல் 250 சொற்கள்தான். அந்தச் சின்ன இடத்தில் பெரிய சொல்லைத் தூவுவதால் புள்ளி வராது, ஒரு சொல் சரியான இடத்தில் விழுந்தால் வரும். அவளுக்குக் கையில் நல்ல கதையே இருக்கிறது. வாய் நிறைய வசை பேசும் சித்தப்பா, நல்ல உடுப்பில் வந்த விருந்தாளி, ஒரே கூடம், ஒரே காலை. விருந்தாளியின் கேள்வியை முதலில் எழுதட்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, "இட் வாஸ் எ கிராஸ் கொஸ்டின், ஆஸ்க்ட் வித் எ ஸ்மைல்" என்று எழுதட்டும். சித்தப்பாவுக்கு அடைமொழியே வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று எழுதினால் போதும்.

அந்தக் காலை சித்தப்பா விருந்தாளியிடம் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. தங்கையிடம் கேட்டு, அவள் திருத்தி எழுதியதையும் உங்கள் மின்னஞ்சல் வரைவையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பார்த்துத் தருகிறேன்.